அத்தான் கேட்ட மன்னிப்பு

சாகக் கிடந்த அத்தானுக்குக் கடைசி எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பதினெட்டு வருஷம் அக்காவை அடித்தவர். ஒரு ஈஸ்டர் அன்று கறியில் உப்பு கூடிவிட்டதென்று அறைந்ததில் அவளுடைய இடது காது செத்தது. வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னாள். அடுத்த ஞாயிறும் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசையில் முன்வரிசையில் நின்றார்.

சாமியார் எங்களை வராண்டாவுக்கு அனுப்பிவிட்டு, அத்தான் தன் பாவங்களைச் சொல்லச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப மனஸ்தாபப்பட்டு அழுதாரும்மா. ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. ஏசுவோட சிலுவைல தொங்குன நல்ல கள்ளனுக்கும் கடைசி நேரத்துலதான பரலோகம் கெடச்சுது?"

"அந்தக் கள்ளன் யார் வீட்டுல களவாண்டானோ, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா சாமி?"

வராண்டாவே திரும்பிப் பார்த்தது. அக்கா என் கையைக் கிள்ளினாள். சாமியார் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அத்தான் நெற்றியில் பூசினார்.

அவர் போனதும் அத்தான் விரலை அசைத்து அக்காவைக் கூப்பிட்டார். குனிந்தவளைக் கழுத்தில் கைபோட்டு இழுத்து, அவளுடைய இடது காதில் வாயை வைத்தார். தலைமாட்டில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உன்னைய ரொம்பப் பாடுபடுத்திட்டேன். மன்னிச்சிரு."

எந்தக் காதைச் சாகடித்தோம் என்பதுகூட அந்த மனிதருக்கு நினைவில்லை.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்னட்டி சொல்லுதாங்க?"

"தண்ணி கேக்காங்க" என்றேன்.

அவள் பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நல்லா காத்துக் கெடக்கட்டும் என்று நினைத்தேன். மதியம் உயிர் போய்விட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த செம்பை நங்கென்று தரையில் வைத்தாள்.

"ஏன்ட்டி அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மன்னிச்சிருப்ப. அந்த ஆளுக்கு அதுவும் லேசாக் கெடச்சிருக்கும்."

"மன்னிச்சிருப்பேன்னு உனக்கு யாரு சொன்னா? மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். சரின்னும் சொல்லியிருப்பேன். எதுவா இருந்தாலும் நான்லா சொல்லணும்? அடி வாங்குனது நான்லா? இத்தன வருஷமா அவங்க என்னையப் பேச விடல. கடைசில நீயும் விடல."

அடுத்த சனிக்கிழமை அதே சாமியாரிடம் போய் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு செபமாலை சொல்லச் சொன்னார், சிலுவை வரைந்து மன்னிப்புக் கொடுத்தார். மூன்று நிமிஷம். எனக்கும் அவ்வளவு லேசாகக் கிடைத்துவிட்டது. நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செபமாலையைக்கூடச் சொல்லாமல் பஸ் பிடித்துப் பேட்டைக்குப் போனேன்.

அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டே கேட்டேன்.

"என்னைய மன்னிச்சிரு, அக்கா."



"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை.