டிபன் டப்பாவோடு கேமரா கடைக்கு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போன சங்கதி. அதனாலேயே நான் நிஜமாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, இவள் சும்மா கத்துகிறாள் என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சொல்லிப் பிரயோஜனமில்லை, காட்டித்தான் ஆக வேண்டும் என்று வீம்பாக நான் கேமரா வாங்கப் போனேன். வீம்புதான், இல்லையென்று சொல்லவில்லை.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு. மற்ற ஊர்களில் மரவள்ளி என்பார்கள். அந்த வருஷம் செடி இடுப்புயரம் வந்திருந்த சமயத்தில் மாவுப்பூச்சி விழுந்தது. இலை நுனியெல்லாம் யாரோ கோலமாவை அள்ளிக் கொட்டியது போல வெள்ளை. நுனி சுருண்டு முடிச்சாகிவிடும், அதற்கு மேல் செடி வளராது. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை மருந்தடித்தார். அடித்த வாரம் குறையும், பதினைந்து நாளில் முன்னைவிட அதிகமாக வந்து நிற்கும். மருந்துக்கடையில் இன்னும் வீரியமான ஒன்றைக் கொடுத்தார்கள். அதை அடிப்பதற்கு பவர் ஸ்பிரேயர்காரரை வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் நான் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். மாட்டுக்குத் தீவனம் அறுக்கப் போகும்போதெல்லாம் அந்த நுனிகளைப் புரட்டிப் பார்ப்பேன். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே, அதே வெள்ளையில் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் நூல் நூலாகத் தொங்கும் சில இருந்தன. சின்னவை ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். இந்தப் பெரியவை நடக்கும். நடந்து போய் ஒரு சின்னதன் மேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருக்கும். விலகிய பிறகு பார்த்தால் அங்கே சக்கைதான் மிச்சம். மருந்தடித்த பிறகு இந்தப் பெரியவை ஒன்றுகூடக் கண்ணில் படாது, சின்னவை மட்டும் திரும்ப வரும்.

நாலைந்து பெரியவற்றை இலையோடு ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வாயில் துணி கட்டி வைத்தேன். இரண்டு வாரத்தில் உள்ளே மிளகைவிடச் சிறிய கருப்பு வண்டுகள் ஊர்ந்தன. பொறிவண்டு ஜாதி. அதாவது அந்தப் பெரிய வெள்ளைப் புழு பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறது. நாம் நம் கையாலேயே காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனை வளர்த்துக்கொண்டிருக்கிறோம். பாட்டிலை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கட்டிய கணக்கு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும், அன்றைக்கு வரவில்லை. மாவுப்பூச்சிதான் முற்றிப்போய் வண்டாகிவிட்டது என்றார். இதுவரை நடந்துகொண்டிருந்தது, இனி ரெக்கை கட்டிப் பறக்கும், அடுத்தவன் காடு தோட்டத்துக்கும் பரவும், ஆகவே வெள்ளிக்கிழமை இரண்டு மடங்கு மருந்து கலக்க வேண்டும் என்று முடித்துவிட்டார். நான் கத்தினேன். பெரியது சின்னதைத் தின்பதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஏம்புள்ள, உன்ற கண்ணுக்குத் தெரியுது. எனக்கு எல்லாம் வெள்ளையாத்தான் இருக்குது. தெரியாதத எப்படி நம்பறது?”

அதுவும் நியாயம்தான். நாற்பத்தைந்து தாண்டியவர், கிட்டத்தில் இருப்பது தெரியாது, கண்ணாடி போடவும் மாட்டார், போட்டால் வயசாகிவிட்டது என்று ஊர் சொல்லிவிடுமாம். அப்போது என்னிடம் இருந்த செல்போனில் பூச்சியைப் படம் எடுத்தால் இலையில் விபூதி பூசியது போல விழும். நல்ல கேமரா வேண்டும். பால் ஊற்றிச் சேர்த்த காசு என்னிடம் இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கு அஞ்சு நாள்.

கேமரா என்றதும் என் கொழுந்தனாருக்கு உயிர் வந்துவிட்டது. அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் காதுகுத்து. வாங்கினால் டி.எஸ்.எல்.ஆர்.தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆரம்ப மாடல் போதும், லென்ஸ் கூடவே வரும், கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் கல்யாண மண்டபத்தில் வழி விடுவார்கள், காம்பாக்ட் என்பது சோப்பு டப்பா, அதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார். திங்கட்கிழமை காலையில் அவரும் நானும் சேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். சேலத்து ஃபேர்லேண்ட்ஸில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க விடுகிற கடை ஒன்று இருப்பதாக அவருக்குத் தெரியும். என் மடியில் டிபன் டப்பா. பக்கத்து சீட்டு அம்மா என்ன கொழம்புங்க என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன். டப்பாவுக்குள் பூச்சி விழுந்த நாலு இலை நுனி இருந்தது.

கடையில் இருந்த பாய்க்கு அறுபது வயது இருக்கும். கொழுந்தனார் டி.எஸ்.எல்.ஆர். காட்டுங்க என்று முந்திக்கொண்டார். பாய் அதைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். கனமாக, கருப்பாக, பார்க்கவே மரியாதையாகத்தான் இருந்தது. எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். கொழுந்தனார் முகம் மலர்ந்துவிட்டது. பாய் மட்டும் என்னைப் பார்த்து, எதை எடுக்கப் போறீங்கம்மா என்று கேட்டார். நான் டப்பாவைத் திறந்தேன்.

பாய் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கொழுந்தனார் இந்த அம்மா யாரென்றே தெரியாது என்கிற மாதிரி வாசலைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மருந்து என்பதையும் சொன்னேன். பாய் மேஜைமேல் ஒரு பழைய பேப்பரை விரித்து, அதில் இலையை வைக்கச் சொன்னார்.

முதலில் பெரிய கேமரா. கிட்டே கொண்டுபோனால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி கிர்ர் கிர்ர் என்றது, பொத்தான் அமுங்கவே மாட்டேன் என்றது. ஒரு ஜாண் தள்ளி வைத்தால் எடுத்தது. எடுத்த படத்தில் இலை அழகாக இருந்தது, பூச்சி வெறும் புள்ளி. பாய் மறைக்காமல் சொன்னார். கல்யாணம், குழந்தை முகம், பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்கி எடுப்பது, இதற்கெல்லாம் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பூச்சிக்கென்று தனி லென்ஸ் உண்டு, போட்டால் பிரமாதமாக விழும், ஆனால் அந்த லென்ஸ் ஒன்றே கேமராவைவிட விலை அதிகம்.

அப்புறம் உள்ளே போய்ச் சின்னதாக ஒன்றை எடுத்து வந்தார். கொழுந்தனார் சொன்ன அதே சோப்பு டப்பா. ஒரு பொத்தானை அமுக்கினால் திரையில் சின்னப் பூ ஒன்று தெரிந்தது. பூ தெரிந்தால் ஒரு விரற்கடை தூரம் வரை போகலாம் என்றார். நானே பிடித்தேன். இலை மேலே முட்டிவிடுமோ என்று பயந்து பயந்து அமுக்கினேன். படத்தைப் பெரிதாக்கினோம். பூச்சியின் ஓரமெல்லாம் மெழுகு நூல் தனித்தனியாகத் தெரிந்தது. பாய் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இதுக்குக் காலெல்லாம் இருக்குதாம்மா” என்றார் மெதுவாக.

கொழுந்தனார் கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தார். இதை வைத்துக்கொண்டு காதுகுத்துக்குப் படம் எடுத்தால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் அண்ணி என்றார்.

“சிரிச்சுட்டுப் போறாங்க, உடுங்க தம்பி. சோறு திங்கத்தானே வாராங்க” என்றேன்.

பில் போடும்போது பாய் ஒன்று சொன்னார். இத்தனை வருஷமாக இந்தக் கடையில் கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக் கேமரா வாங்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறாராம், எடுக்க வேண்டியதைக் கையோடு கொண்டுவந்தது நான்தான் முதல் ஆளாம். திரும்பி வரும் பஸ்ஸில் கொழுந்தனார் ராசிபுரம் வரைக்கும் பேசவில்லை. நான் அதைக் கண்டுகொள்ளாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

கேமரா கைக்கு வந்துவிட்டால் படம் வந்துவிடுமா? செவ்வாய்க்கிழமை முழுக்க ஒன்றும் தேறவில்லை. கிட்டே போனால் கேமராவின் நிழலே பூச்சியை மூடிக்கொண்டது. ஃபிளாஷ் போட்டால் வெள்ளைமேல் வெள்ளை. காற்றில் இலை ஆடினால் எல்லாமே கலங்கல். தோட்டத்தில் ஒருத்தி தரையில் சப்பணமிட்டுக் குச்சிக்கிழங்குச் செடிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, வரப்பில் போனவர்கள் என்னமோ தொலைத்துவிட்டாளா என்று கேட்டார்கள். ஆமாம், பொறுமையைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமைக்குள் சிலது பிடிபட்டது. காற்று கிளம்புவதற்கு முன்னால் போக வேண்டும். வெயிலுக்கு எதிராக உட்காராமல் பக்கவாட்டில் உட்கார வேண்டும். இடது கையால் காம்பைப் பிடித்து, வலது முழங்கையை முட்டிமேல் ஊன்றிக்கொண்டால் ஆட்டம் நிற்கும். ஒரு கையால் பிடித்து ஒரு கையால் எடுக்க முடிகிற கேமரா அது என்பதற்கே அதைக் கும்பிடலாம். பூச்சிகள் இருந்தன, படமும் தெளிவாக வந்தது. ஆனால் தின்கிற படம் கிடைக்கவில்லை. அது இல்லாமல் என் வீட்டுக்காரரிடம் போனால் இரண்டும் ஒரே ஜாதி என்றுதான் மறுபடியும் சொல்வார்.

வியாழக்கிழமை காலை கிடைத்தது. ஒரு பெரிய புழு மெல்ல நடந்து வந்து, குண்டாக உட்கார்ந்திருந்த ஒரு மாவுப்பூச்சியின் பக்கத்தில் நின்றது. அமுக்கினேன். தலையை அதன் உடம்புக்குள் விட்டது. அமுக்கினேன். எனக்கு இடுப்பு கடுத்தது, கால் மரத்துப்போனது, எறும்பு ஒன்று பாதத்தில் கடித்துக்கொண்டே இருந்தது, அசையவில்லையே நான். அரை மணி நேரம் கழித்துப் புழு நகர்ந்துபோக, அங்கே சுருங்கிய தோல் கிடந்தது. மூன்றாவது தடவை அமுக்கினேன். மூன்றும் சுத்தமாக விழுந்திருந்தன. வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தேன். யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள்.

மத்தியானம் கொழுந்தனார் சாப்பிட வந்தபோது அவரையே பிடித்தேன். கேமராவோடு வந்த ஒயரை டி.வி.யில் சொருகித் தந்தது அவர்தான், கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் சோற்றில் கையை வைத்திருந்தார். டி.வி. முழுக்கப் புழு. மாவுப்பூச்சி ஒரு முறத்தளவு. பக்கத்தில் வந்து நிற்பது, தலையை விடுவது, தோல் கிடப்பது என்று மூன்றையும் வரிசையாகக் காட்டினேன். இவருக்குத்தான் கிட்டத்தில் தெரியாதே, பத்தடி தள்ளியிருந்த டி.வி.யில் துல்லியமாகத் தெரிந்தது. மறுபடி காட்டச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். எழுந்து கையைக் கழுவிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகும் நம்பவில்லையா இந்த மனுஷன்? பாத்திரங்களை உருட்டிப் பார்த்தேன், சாயங்காலம் மாட்டைத் திட்டினேன். அவர் வாய் திறக்கவில்லை. மருந்து டப்பா மூலையில் அப்படியே இருந்தது. ஸ்பிரேயர்காரருக்கு வர வேண்டாமென்று போன் செய்ததாகவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்பிரேயர்காரர் வந்தார். மொபெட்டில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு, முகத்துக்குத் துண்டு சுற்றிக்கொண்டு. நான் மாட்டுக்கொட்டகையில் பால் கறக்கச் செம்போடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் பேசுவது அங்கே நன்றாகக் கேட்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மருந்து கலக்கத் தண்ணி எங்க புடிக்கறதுங்க என்று ஸ்பிரேயர்காரர் கேட்டார்.

“மருந்து அடிக்க வேண்டாங்க” என்றார் என் வீட்டுக்காரர். “நான் பாக்காம அடிச்சுட்டிருந்தேன். எம்பட ஊட்டுக்காரி பாத்திருக்கறா.”

அவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு வா, இவங்களுக்கும் காட்டு என்று என்னைக் கூப்பிட்டார். செம்பும் கையுமாகவே கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். புது நுனி விட்டதும், அந்த வருஷம் கிழங்கு முழுசாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி தேறியதும் எல்லாம் பின்னால் நடந்தவை. அன்று காலையில் செடி இன்னும் சுருண்டுதான் நின்றது. நான் எடுத்த மூன்று படத்தை நம்பி, நாலு பேர் முன்னால், தப்பு தன்னுடையது என்று அவர் சொன்னார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

ஸ்பிரேயர்காரர் துண்டை அவிழ்த்துவிட்டு அந்தச் சின்னத் திரையில் குனிந்து பார்த்தார். முதல் படம், இரண்டாவது படம், மூன்றாவது படம். திரும்பவும் முதல் படத்துக்கு வந்தார்.

“போன வாரம் ஏழு காட்டுக்கு அடிச்சனுங்க” என்றார். “இதையுந்தானுங்க அடிச்சிருக்கறேன்.”

மொபெட்டை ஸ்டாண்ட் எடுத்தவர் கிளம்பாமல் என் பக்கம் திரும்பினார். அடுத்து அவர் போக வேண்டியது ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். அடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்றீங்களாக்கா என்று என்னைக் கேட்டார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டார்.

“போய்ட்டு வா புள்ள. பால நான் கறந்துக்கறேன்.”