இரட்டைக் கழுத்துக் கித்தாரும் ஒரு காலும்

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், தோட்டத் தொழிலாளிகளான எங்கள் லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்ட மறு வருடம் நடந்தது இது. மந்தின் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பதினேழு வயது. அம்மா இல்லை. அப்பா தோட்டத்து இஞ்சின் கொட்டகையில் பிட்டர்.

துரை பங்களாவில் மின்விசிறி சரிசெய்யப் போன அப்பா, அங்கே கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தார். ஒரே உடம்பு, இரண்டு கழுத்து உள்ள மின்சாரக் கித்தார். அதைப் போலவே செய்தே தீருவேன் என்று உட்கார்ந்தார். காட்டு மரத்தில் உடம்பு. உடைந்த டெலிபோனிலிருந்து காந்தமும் கம்பிச்சுருளும். சத்தம் ஒரு பழைய ரேடியோப் பெட்டி வழியாக வரும். மேல் கழுத்தில் மெல்லிய கம்பிகள், கீழ்க் கழுத்தில் தடித்தவை. மாட்டினால் தோள் இறங்கிவிடும். செய்தவர் அவர், வாசிக்க வந்தது எனக்குத்தான்.

“இது ஒன்னோடது. யாரு கேட்டாலும் குடுக்காத” என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ரேடியோவில் ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் அடுத்த தடவை அது என் விரலில் இருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு கித்தார் வேறு யாரிடமும் கிடையாது. இன்றும் இதைப் பெருமையாகவே சொல்வேன்.

பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. வேலி விளக்குக்காக இஞ்சின் ஓடும்போதுதான் எனக்கும் கரண்டு. போக்கிடம் இல்லாத சனம் எங்கள் வாசலில் வந்து உட்காரும். இரண்டு கழுத்திலும் மாறி மாறி விரல் போக வேண்டும் என்பதால் குனிந்தபடியே வாசிப்பேன். யார் முகமும் தெரியாது, கால்கள்தான் தெரியும். பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் கால் எப்போதும் முன்னால் இருக்கும். சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர். வலது காலில் இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறிக் கிடக்கும். அந்தக் காலால்தான் தாளம் போடுவார், பாட்டுக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டு.

“சித்தப்பா, பாட்டு இன்னும் அங்க வரல.”

“நான் முன்னால போயி எடம் புடிச்சி வைக்கிறேன்லா, நீ மெதுவா வா.”

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று வேலி வாசலில் எல்லாரையும் சோதிப்பார்கள். ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர் ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. ஒரு நாள் சித்தப்பாவின் பால் வாளிக்குள் சோற்றுப் பொட்டலம் அகப்பட்டது. பசிக்குத்தான் எடுத்துப் போனார். அதற்கே வருடக்கணக்கில் சிறையில் போடுவார்கள். ஆனால் மறுநாளே வீடு திரும்பினார். அப்பா சந்தோஷப்பட்டு அவருக்குக் கோழிக் குழம்பு வைக்கச் சொன்னார். நான்தான் வைத்தேன்.

அந்த வாரமே பட்டாளம் வந்து எங்களைத் திடலில் வரிசையாக நிறுத்தியது. காட்டுக்கு உதவுகிறவர்களைக் காட்டிக்கொடுக்க நாற்காலியில் ஓர் ஆள், தலையிலிருந்து முழங்கால் வரை சாக்கு மூடி. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அதன் முன்னால் நடக்க வேண்டும். சாக்கு தலையாட்டினால் நடந்தவர் லாரியில். எனக்கு முன்னால் அப்பா நடந்தார். சாக்கு தலையாட்டியது.

கித்தாரைத் தூக்கி வந்தார்கள். தடித்த கம்பி வாசித்தால் பட்டாளம் இருக்கிறது, மெல்லிய கம்பி வாசித்தால் இல்லை என்று காட்டுக்குச் சேதி போகிறதாம். அதற்காகவே அப்பா அதைச் செய்தாராம். வேறு எதற்கு இரண்டு கழுத்து என்று கேட்டார் அதிகாரி.

“பாட்டுக்குத் தொரை” என்றார் அப்பா. சிப்பாய்கள் சிரித்தார்கள்.

நான் பழக்கத்தில் தலை குனிந்தேன். சாக்குக்குக் கீழே, வலது காலில், விரல் மேல் விரல்.

கத்தியிருக்கலாம். சோற்றோடு பிடிபட்டவர் தான் தப்பிக்க ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தால், அப்பாவை விட்டிருப்பார்களோ என்னவோ. ஆனால் சாக்குக்குள் இருந்தது யாரென்று தெரிந்தால் காட்டுக்காரர்கள் அவரை உயிரோடு விட மாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி நடந்திருந்தது. அவருக்குச் சின்னச் சின்னதாக நான்கு பிள்ளைகள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். லாரி போய்விட்டது, கித்தாரும் போய்விட்டது.

சாயங்காலம் சித்தப்பா வாசலில் வந்து உட்கார்ந்தார். “கவலப்படாதம்மா. அப்பா வந்துருவாரு.”

“கால் ஏன் சும்மா இருக்கு சித்தப்பா? தாளம் போடுங்க” என்றேன்.

காலைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார். அதன்பிறகு விரல் மறையச் சப்பாத்து போடாமல் என் எதிரில் வந்ததே இல்லை.

அப்பாவைத் தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டுக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அங்கேயே செத்தார். யார் தலையாட்டியது என்று அவருக்குத் தெரியவே இல்லை. அங்கிருந்து வந்த ஒருவரிடம், “சித்தப்பா இருக்காரு, தொணைக்கு அவரு போதும்” என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். கித்தாரைத் திருப்பிக் கொடுத்தார்கள், கீழ்க் கழுத்தை அறுத்துவிட்டு. ஒரு கழுத்து இருந்தால் தப்பில்லையாம். இப்போது நான் இருக்கும் அம்பாங்கானில் என் அறையில் இன்னும் அது இருக்கிறது.

பல வருடம் கழித்துச் சித்தப்பா செத்தபோது போனேன். கால் பெருவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அப்போதும் அந்த விரல் மேலே ஏறித்தான் கிடந்தது. “அப்பா கடைசி வரைக்கும் ஒங்க பேச்சுத்தான்க்கா” என்று அவர் மகள் என் கையைப் பிடித்து அழுதாள். நான் கையை விலக்கவில்லை.

அன்று நான் வாயை மூடியதால் அவர் பிழைத்தார், பேரன் பேத்தி எடுத்தார். அதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம், வீட்டுக்குள் யார் வந்தாலும் இன்றும் என் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போகிறது.