யானைக்காகக் கேட் மூடியவர்

ரயில்வே கேட்டை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு எல்லாச் செய்தியும் தண்டவாளத்தின் வழியாகத்தான் வரும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் காலமான செய்தியும் அப்படித்தான் வந்தது. தண்டவாளத்தைச் சரிபார்க்கும் கீமேன் எல்லப்பன் மாமா திருத்தணி ஸ்டேஷன் பக்கமிருந்து கட்டைகளின் மேல் கால் வைத்து வந்துகொண்டிருந்தார். தினமும் சுத்தியலால் ஆணிகளைத் தட்டிக்கொண்டே வருகிறவர் அன்று எதையும் தட்டவில்லை. அரக்கோணம் ஆஸ்பத்திரியில் விஷ ஜுரத்தோடு கிடந்த நைனாவைப் பற்றி ஸ்டேஷனுக்குத் தந்தி வந்திருந்தது. என் எதிரில் நின்று தலைப்பாகையை அவிழ்த்தார்.

"அலமு, நைனா பூட்டாரும்மா."

அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத்தான் அழுதேன். தங்கை வள்ளி வாசலில் கருங்கல் ஜல்லியை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் யார் சொல்வது என்று எல்லப்பன் மாமாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காரியத்தன்று லைன் ஆட்களும் வண்டிக்காரர்களும் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இப்போது எழுதி அனுப்புகிறேன். எல்லப்பன் மாமா படித்துக் காட்டுவார்.

கேட்மேன் முனுசாமி என்றால் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கண்டிப்பாகத்தான் இருக்கும். சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஸ்பெஷல் ரயில்கள் நேரம் காலம் இல்லாமல் வந்தன. ரயில் வருகிறதென்று சிக்னல் கை சாய்ந்துவிட்டால் அப்புறம் யார் வந்தாலும் கேட் திறக்காது. ஒருமுறை ஒரு கல்யாண கோஷ்டி மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் வண்டியிலிருந்து குதித்து, "முகூர்த்தம் போவுதுய்யா, தெறய்யா!" என்று கத்தினார். நைனா கொடியைச் சுருட்டிக்கொண்டே, "முகூர்த்தம் போனா இன்னொண்ணு வரும். மாப்ள போனா வருவானா?" என்றார். இந்தக் கதையை இப்போது அந்தத் தகப்பனாரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

"ரயிலுக்குக் கண்ணு கெடையாது. கேட்டுக்குத்தான் கண்ணு" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. ஆனால் அம்மா போன பிறகு அந்தக் கண் ரயிலையும் ரோட்டையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். போட்டதைச் சாப்பிடுவார். விளக்கைத் துடைப்பார். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். வள்ளி எதிரில் வந்து நின்றால்கூட, சாமான் ஏதோ வழியில் கிடப்பதைப் போல விலகிப் போவார். அவள் அப்போது நாலு வயதுக் குழந்தை. பேச ஆள் இல்லாமல், விளக்கோடும் கோழியோடும் சிக்னல் கம்பத்தோடும் பேச ஆரம்பித்தாள். சிக்னல் கம்பத்துக்குக் கை வலிக்கும் என்று அதன் அடியில் எண்ணெய் கூடத் தடவிவிட்டு வந்தாள்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த அத்தை இதைப் பார்த்துவிட்டாள். நைனாவுக்கு அக்கா, நெசவுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், கையும் வாயும் ஓயாதவள்.

"இன்னாடா முனுசாமி, கொழந்த தனியாப் பேசிகினு கீது! இப்பிடியே வுட்டா நாளிக்கு யார் கட்டிக்குவான்? எங்கூட அனுப்பு. ராட்டைல உக்கார வெச்சு நூல் தார் சுத்தவுட்டா நாலு மாசத்துல புத்தி வந்துடும்."

அத்தை கெட்டவள் இல்லை. தாயில்லாத பிள்ளையை யார் எடுத்துக்கொள்கிறார்கள் இந்தக் காலத்தில்? நைனா யோசிக்கக்கூட இல்லை. "ஆடிக் கிருத்திகை ஆவட்டும். அப்புறம் இட்டுகினு போ" என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அவர் எதிரில் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை.

வள்ளிக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அனுப்புவதற்கு முன் அதை முடித்துவிட வேண்டும் என்று நைனா எங்களைத் திருத்தணி மலைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வள்ளி, முருகன் சந்நிதிக்கு எதிரில் இருக்கும் கல் யானையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மற்றக் கோயில்களில் வாகனம் சாமியைப் பார்த்திருக்கும். இங்கே அது சாமிக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்க்கிறது.

"நைனா, ஆன ஏன் அந்தாண்ட பாக்குது?"

பக்கத்தில் பூ விற்ற அம்மாள்தான் சொன்னாள்: "அது தேவலோகத்து ஆன கண்ணு. தேவானை கல்யாணத்துக்கு அவங்க நைனா சீதனமாக் குடுத்தது. தன் ஊட்டுப் பக்கம் பாத்துகினு கீது."

வள்ளி இறங்கும்போது படிக்குப் படி நின்று கிழக்கே பார்த்தாள். கீழே ஊர், ஊருக்கு அப்பால் ரயில் பாதை, பாதையில் எங்கள் கேட். "அப்ப அது ஊட்டுக்குப் போவணும்னா நம்ம கேட்டாண்டதான் வரணும்" என்றாள். 

"கல்லு ஆன எங்கனா வருமா? நட" என்றார் நைனா.

மறுநாள் சாயங்காலம் முதல் அவள் கேட்டுக் கம்பியில் ஏறி நின்று மலையைப் பார்க்க ஆரம்பித்தாள். நைனா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். "எறங்குதா உன் ஆன?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், வேலையைப் பார்த்தபடியே கேட்டார். 

"எறங்கிடுச்சு. கொளத்தாண்ட தண்ணி குடிச்சிகினு கீது."

"இவ்ளோ நேரமாவா?"

"அதுக்கு வயிறு பெருசு நைனா."

அம்மா போன பிறகு நைனா சிரித்ததை அன்றுதான் கேட்டேன். சிரிப்பு என்று சொல்ல முடியாது. தும்மல் போல மூக்கில் வந்தது. அதைக் கேட்டு அவரே திடுக்கிட்டுப் போனார்.

அப்புறம் தினமும் கேட்டார். யானை எந்தத் தெரு வழியாக வருகிறது, யார் வீட்டு முருங்கையைத் தின்றது, அதன் கழுத்து மணியை ஏன் யாரும் கேட்பதில்லை. வள்ளியிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மணிக்குள் தூக்கணாங்குருவி கூடு கட்டிவிட்டதாம், அதனால் சத்தம் வராதாம். அதைக் கேட்ட மறுநாள் காலையில் நைனா என்னைக் கூப்பிட்டார். "அலமு, இங்க வா. இதப் பாரு." இரண்டு தண்டவாளமும் காலைச் சூரியன் பட்டு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எரிந்தது. "தெனம் இப்பிடித்தான் இருந்துகினு கீது போல. நான் பாத்ததே இல்ல" என்றார். அவர் என்னை ஒன்றைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் வள்ளியை அனுப்பும் பேச்சு மாறவில்லை. அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவளுடைய பாவாடை சட்டையை நான் மூட்டை கட்டி வைத்திருந்தேன். 

ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக்காரர்கள் ஊர் திரும்பிய நாள். ரோடு கொள்ளாமல் வண்டிகள். வள்ளி வழக்கம்போல் கம்பியில் நின்றவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். 

"நைனா, ஆன வந்து நிக்குது. வண்டிங்க வழி வுட மாட்டேங்குது. அதுக்குப் பயமா கீது."

நைனா ரோட்டைப் பார்த்தார். சிக்னலைப் பார்த்தார். அது சாயவில்லை. பிறகு கேட்டை இழுத்து, இரண்டு பக்கமும் பூட்டிவிட்டார். 

ரயில் இல்லாமல் கேட் மூடக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும். வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. "இன்னா முனுசாமி, ரயிலையே காணோமே?" என்று வண்டிக்காரர் தசரதன் அண்ணன் தன் வண்டியிலிருந்து கேட்டார். "செத்த இரு. போய்டட்டும்" என்றார் நைனா. "எது போவட்டும்?" என்றதும் நைனா வள்ளியைப் பார்த்தார். 

அந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல், ரயில்வே இன்ஸ்பெக்டர் துரை, ஆட்கள் தண்டவாளத்தில் தள்ளிவந்த டிராலியில் வந்து இறங்கினார். மூடிய கேட்டையும் நின்ற வண்டிகளையும் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "சபாஷ் முனுசாமி! டிராலிக்குக்கூட கேட் மூடி வைத்திருக்கிறாயே. எந்தக் கேட்டிலும் இந்த மரியாதை இல்லை" என்றார். 

அவர் வாயாலேயே தப்பிக்க வழி வந்துவிட்டது. தலையை ஆட்டியிருந்தால் போதும். நைனா கைகட்டி நின்று, "இல்லீங்க, ஆனைக்கு மூடினேனுங்க" என்றார்.

"எந்த யானை?" 

தசரதன் அண்ணன் உதவிக்கு வந்தார். "ஆமாங்க சாமி, பெரிய ஆனைங்க. நாங்கல்லாம் பாத்தம்." பின்னால் இருந்தவர்களும் "ஆங், ஆமாங்க" என்றார்கள். துரை இரண்டு பக்கமும் பார்த்தார். கம்பியின் மேலிருந்து வள்ளி சொன்னாள்: "இப்பத்தான் தாண்டிச்சு. உங்க வண்டியப் பாத்து ஓடிடுச்சு."

விஷயம் புரிந்ததும் துரை சத்தம் போட்டார். வேலை போய்விடும் என்றார், குடியிருக்கும் வீடும் போய்விடும் என்றார். நைனா குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் துரை டிராலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வள்ளியைப் பார்த்தபடி, "அடுத்த தடவை ஆள் நடக்கிற சின்ன கேட் வழியாகப் போகச் சொல்லு அதை" என்றார். தள்ளுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். 

கேட் திறந்ததும் முதல் வண்டிக்குப் பின்னால் நின்ற வண்டியிலிருந்து அத்தை இறங்கி வந்தாள். வள்ளியை அழைத்துப் போக வந்தவள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். 

"அடப்பாவி! உனக்கும் புடிச்சிகிச்சாடா? சோத்துக்கு ஒல வெச்சியா இல்ல அதையும் ஆனைக்கு ஊத்திட்டியா? மூட்டய எடு அலமு. இனிமே ஒரு நாளு இந்தக் கொழந்த இங்க இருக்கக் கூடாது."

"அவ வரலக்கா" என்றார் நைனா. 

"ஏனாம்?"

"அவ போய்ட்டா எனக்கு ஆன தெரியாது."

அத்தை திரும்பிப் போய் வண்டியில் ஏறினாள். மூட்டையை நானே பிரித்து, துணிகளைக் கொடியில் போட்டேன். 

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் எங்கள் வீட்டின் நல்ல வருஷங்கள். நைனா கேட்டை ரயிலுக்கு மட்டும்தான் மூடினார். ஆனால் தினமும் சாயங்காலம் ஆள் நடக்கிற சின்ன கேட்டை விரியத் திறந்து வைத்தார். அந்த வழியாக அத்தனை பெரிய உடம்பு எப்படி நுழையும் என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "ஒருக்களிச்சுப் போவும்" என்றார். யோசித்துத்தான் சொன்னார். 

இப்போது வேறு கேட்மேன் வந்துவிட்டார். வீட்டைக் காலி செய்தோம். அத்தை எங்கள் இருவரையும் பொதட்டூர்பேட்டைக்கு அழைத்து வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் எங்களைவிட அவள்தான் அதிகம் அழுதாள். வள்ளி ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுகிறாள், நன்றாகவே சுற்றுகிறாள். ஆனால் இங்கு வந்த பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் தலையசைப்பாள். அத்தை, "பாத்தியா, புத்தி வந்துடுச்சு" என்றாள். அதைக் கேட்டு நான் கொல்லையில் போய் நின்றேன். நைனா செத்ததை நான் முழுக்க அறிந்தது அங்கேதான்.

பெரியவர்கள் குழந்தையிடம் விளையாட்டுக்குக் கேட்பார்கள், பதில் தெரிந்தவர்களாகவே கேட்பார்கள். நைனா அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது, அவளுக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி கேட்கும் விதம் ஒன்றுதான். அதுவும் என்னிடம் இருக்கிறதா என்று முந்தாநாள் வரை தெரியாது.

முந்தாநாள் காலையில் அத்தையின் வீட்டுக்காரர் மாமா தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். நீளவாக்கில் கட்டிய பாவு நூல்கள் மேலும் கீழும் போயின. வள்ளி ராட்டையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி, "அக்கா, தறிக்குள்ள மழ பெய்யுது" என்றாள். 

"இன்னா அங்க பேச்சு? தாரச் சுத்து" என்றாள் அத்தை.

"இரு அத்தே, அவ சொல்லட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். வீடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனாலும் வள்ளியிடம் கேட்டேன், எனக்குத் தெரியவில்லை என்பதால் கேட்டேன்: "எந்தப் பக்கம் பெய்யுது?"

அவள் நூலின் ஊடே குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நம்ம பக்கம் இன்னும் வரல. மாமா காலாண்டதான். குழியெல்லாம் தண்ணி."

அத்தை ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் மாமா மிதிகட்டையிலிருந்து இரண்டு கால்களையும் எடுத்து மேலே வைத்துக்கொண்டார்.