அக்கா சொன்ன எருக்கு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள் அவள். விளிம்பை இழைத்து, ஃபிரேமில் பொருத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மனம் நிறைந்த பிறகே ஆளைக் கூப்பிடுவாள். ஊர்ப் பார்வையெல்லாம் சரிசெய்கிறவளுக்கு, தன் வீட்டுத் தோட்டத்துச் சுவரோரம் முளைத்தது மட்டும் முழங்கால் உயரம் வரும்வரை கண்ணில் படவில்லை. கோடை தொடங்கியிருந்தது. அரளியும் செம்பருத்தியும் போட்டி போட்டுப் பூத்த இடத்தில், தடித்த இலைகளோடு ஓர் எருக்கு!

அம்மாவின் தையல் மெஷினை அக்காவைக் கேட்காமல் இவள் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று முன்பு இருவருக்கும் பெரிய சண்டை. வாசலில் நின்று அக்கா கத்திய கடைசி வார்த்தை, "உன் வீட்ல எருக்கு முளைக்க!" வீடு பாழாய்ப் போகட்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அன்றோடு பேச்சு நின்றது. அக்கா இல்லாத உலகம் அவளுக்குப் பாதி உலகம்தான்.

"பிடுங்கிடறேன். பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்" என்றான் கணவன்.

"தொடாதீங்க. அவ வாயால வந்த செடி. அவகிட்டேருந்து வேற என்ன வந்துச்சு எனக்கு?"

எருக்கு வளர்ந்தது, இளம் ஊதாவில் பூத்தது. ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து முட்டையிட்டது. வரிவரியாய்ப் புழுக்கள் இலையைத் தின்று கொழுத்தன. காலையில் உருப்பெருக்கியோடு அங்கே உட்கார்ந்தால் டீ ஆறிவிடும், வெயில் முதுகில் ஏறிவிடும், அவள் எங்கோ மிதந்துகொண்டிருப்பாள். ஒரு புழு தலைகீழாகத் தொங்கி, பொன் புள்ளி வைத்த பச்சைக் கூடாயிற்று. கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அந்தப் பச்சை கண்ணுக்குள்ளேயே நின்றது.

கணவன் பொறுத்துப் பார்த்தான். பிறகு, அவளுக்குத் தெரியாமல் அவள் அக்காவுக்கு ஃபோன் போட்டான். "உங்க வாக்கு பலிச்சிடுச்சு அக்கா. நீங்களே வந்து பிடுங்கிட்டுப் போங்க."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அக்கா வந்து நின்றாள், கையில் கடப்பாரையோடு. பஸ்ஸில் அதை எப்படி ஏற்றவிட்டார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். முகம் அழுது வீங்கியிருந்தது. தங்கையைப் பார்க்காமல் நேரே செடியிடம் போனாள்.

"அக்கா, வேண்டாம்! உள்ள ஒரு உசுரு இருக்கு."

கூடு கண்ணாடிபோல் தெளிந்து, மடித்த ஆரஞ்சு இறகு தெரிந்தது. கடப்பாரை மெல்லக் கீழே இறங்கியது. இருவரும் மண்ணிலேயே உட்கார்ந்தார்கள். கூடு பிளந்து, கசங்கிய துணியாய் வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து தொங்கியது.

"வாய் தவறிச் சொல்லிட்டேன்டி" என்றாள் அக்கா, அதையே பார்த்தபடி.

"கேக்காம குடுத்தது என் தப்புதான்க்கா."

பிறகு அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இது எப்போ பறக்கும்?"

இறகு காய்ந்ததும் பறந்துவிடும் என்று தங்கைக்கு நன்றாகத் தெரியும்.

"நாளைக்குத்தான்" என்றாள்.

"அப்போ இருந்து பார்த்துட்டே போறேன்."

வெயில் ஏறுவதற்குள் அது இறகை விரித்து, இருவர் தலைக்கு மேலாகவும் பறந்து சுவரைத் தாண்டிப் போயிற்று. இருவருமே அதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.