என் கடையில் பிறந்த மூன்று நிபுணர்கள்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், பேராசிரியர், அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் பெண், பென்ஷன் ஃபாரம் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார். ஐந்தாவதாக யாரும் இல்லை. பின்னால் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்தேன். நான் அப்படித்தான், ஷட்டரைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள்.

சொந்த ஊரை விட்டு வெகுதூரம் வடக்கே, வானவடியில் எங்கள் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் என்றாலும் ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் அடிப்பேன். அர்த்தம் பிறகு மெதுவாக வந்து சேரும். கல்லூரி வாசலில் அத்தனை கடைகள் இருக்க, பேராசிரியர் என்னைத் தேடி வந்தது இருவருக்கும் நெல்லை என்ற ஊர்ப்பாசத்தால் என்று நம்பியிருந்தேன். அங்கே போனால் மாணவர்கள் பார்த்துவிடுவார்கள், அவ்வளவுதான் பாசம்.

அவர் ஒரு கட்டுரையை ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அதை மதிப்பிடத் தகுந்த மூன்று நிபுணர்களை எழுதியவரே பரிந்துரைக்கலாம், பெயரும் மின்னஞ்சலும் தந்தால் போதும் என்றது அந்த இதழ். பெயர்கள் நிஜம். மின்னஞ்சல்கள் மட்டும் என் கணினியில், என் போனுக்கு வந்த ஓடிபியில் பிறந்தவை.

"அவங்கல்லாம் பிஸிம்மா. நாமளே தொறந்து வச்சிருவோம்," என்றார்.

இதழ் அந்த முகவரிகளுக்கே கட்டுரையை அனுப்பியது. எதிரே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல மூன்று மதிப்பீடுகளையும் அடித்தேன். முதல் நிபுணர் வாயாரப் புகழ்ந்தார். இரண்டாமவர் ஓர் அட்டவணையைப் பெரிதாக்கச் சொன்னார். மூன்றாமவர் லேசாகத் திட்டினார். அப்போதுதான் நிஜம் போல இருக்குமாம். தன்னைத் திட்டிக்கொள்ள அவருக்கு வார்த்தை கிடைக்கவே இல்லை. நடுவில் ஒரு டீ குடித்துத் தெம்பேற்றிக்கொண்டார். கட்டுரையும் இதழில் வெளிவந்தது.

கொஞ்ச நாளில், தான் எடுக்கும் வகுப்புக்கான குறிப்புகளை டைப் அடிக்கக் கொடுத்தார். ஆய்வு வெளியீட்டில் நெறிமுறை என்பது தலைப்பு. போலிப் பெயரில் மதிப்பீடு செய்வது மோசடி என்று அவரே எழுதியிருந்தார். அடித்த எனக்கு வியர்த்துக் கொட்டியது. எழுதியவருக்கு வியர்த்த மாதிரி தாளில் அடையாளமே இல்லை.

நான் பயந்தபடியே ஆயிற்று. மூன்று மதிப்பீடுகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று இதழ் கண்டுபிடித்து விளக்கம் கேட்டது. அந்த விளக்கத்தோடுதான் அன்று அவர் வந்தார். கடிதம் என் பெயரில் இருந்தது. பேராசிரியருக்குத் தெரியாமல், அறியாமையால், டைப்பிஸ்டாகிய நானே எல்லாவற்றையும் செய்துவிட்டேனாம்.

"ஒரு சைன்தானம்மா. ஒனக்கு என்ன போச்சு? ஒன் பேரு எந்த ஜர்னல்ல வரப்போவுது?"

"போலீஸ் வந்தா, சார்?"

"இதுக்கெல்லாம் எவன் வருவான்? எனக்குன்னா வேலையே போயிரும்லா!"

துணைக்கு அழைத்து வந்திருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் மனப்பாடம் செய்தது போலச் சொன்னாள்: "அக்கா, ப்ளீஸ். சாருக்கு எதாவது ஆச்சுன்னா என் தீஸிஸ் நின்னுரும். மைன் க்யா கரூன், நான் என்ன செய்ய?"

என் கையில் ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக நிற்கிறவர்களை வைத்துத்தான் என் பிழைப்பு. மோசடி செய்தவள் என்று நானே எழுதிக் கொடுத்தால் மறுநாள் எவர் வருவார்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடித்ததைப் பிரிண்ட் எடுத்துக் காட்டி, ஓரத்தில் 'ஓகே' என்று கையெழுத்து வாங்கிவிடுவோம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் மாறிப்போனால் பழி நம் தலையில் விழக் கூடாது அல்லவா? அலமாரியிலிருந்து அந்த ஃபைலை எடுத்தேன். மூன்று மதிப்பீடுகளிலும் ஓகே போட்டு, தேதியும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார் அந்த மேதை. மூன்றாவதில் பேனாவால் இன்னும் ஒரு வரித் திட்டு சேர்த்திருந்தார்.

சுபேதார் எட்டிப் பார்த்தார். "பரீட்சை எழுதறதும் நீங்க, மார்க் போடறதும் நீங்க. பஹுத் படியா, ரொம்பப் பிரமாதம், ப்ரொஃபஸர் சாப்!"

"அதக் கிழிச்சுப் போடும்மா," என்று பேராசிரியர் கை நீட்டினார். நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டதும் சீறினார். "ஒம்பதாங்கிளாஸ் படிச்சவ, எனக்குப் பாடம் எடுக்கியா?"

"பாடம் நீங்க எழுதினதுதான் சார். நான் டைப்தான் அடிச்சேன்."

கடிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். பெண்ணும் பின்னாலேயே போனாள். அவளை நினைத்தால் மட்டும் எனக்கு இளக்காரம் வருவதில்லை.

மறுநாள் அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து, அந்த மின்னஞ்சல் கணக்குகளைத் தொடங்கியது நான்தான் என்பதையும் மறைக்காமல் எழுதி, இதழுக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு ஒரு வாரம், வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்தேன். போலீஸ் வரவில்லை. கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போது என்னைப் பார்த்தால் பேராசிரியர் ஸ்கூட்டரை எதிர்ச்சாரிக்குத் திருப்பிவிடுகிறார். மதிப்பீடுகள் அடித்ததற்கு எனக்குக் காசு வேண்டாம். அது என் பங்குத் தண்டனை. மற்ற டைப்பிங்குக்கு அவர் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.