மறந்துபோகும் பெட்டி

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு தம்பதிக்கு, கரண்ட் சூளையின் சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ட்ரோலர் பெட்டி செய்து கொடுத்திருந்தேன். கரண்ட் போனால் பெட்டி பேட்டரிக்கு மாறி உயிரோடு இருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து சூளையைச் சூடேற்றும். இந்த மாற்றத்தைச் செய்வது உளுந்தம்பருப்பை விடச் சிறிய ஒரு சிப். அடாப்டர் பக்கம் வோல்டேஜ் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இறங்கினால் உடனே பேட்டரிக்குத் தாவ வேண்டும்.

அது தாவவில்லை. கரண்ட் போனதும் பெட்டி செத்துப் பிழைத்து, எல்லாவற்றையும் மறந்து, முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தது. பாதி வெந்த பொம்மைகள் விரிசல் விட்டன. சிப்பை மாற்றினேன், சரியானது. சில வாரங்களில் பழைய குருடி கதவைத் திறடி என்றது. மறுபடி மாற்றினேன், மறுபடியும் அதே கதை. போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டான் என்று சிப் விற்றவனைப் போனில் கண்டபடி திட்டினேன். பாவம் அவன்.

“இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பொட்டியக் கழட்டிடுவேன்” என்று கணவர் கறாராகச் சொல்லிவிட்டார். மனைவி ஆடிப்போனார். சூளை அவர் பொறுப்பு. பெட்டி வருவதற்கு முன் சூளை எரியும் நேரமெல்லாம் அதன் பக்கத்திலேயே கிடந்தவர் அவர்தான்.

“எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்க சார். மறுபடி சூளைக்குக் காவல் கெடந்தா வூட்ட யாரு பாக்குறது?” என்று போனில் கெஞ்சினார். இந்தத் தடவை பெட்டியை என் கடைக்கு வரவழைக்காமல் நானே கிளம்பிப் போனேன்.

மூடியைக் கழற்றியதும் திக்கென்றது. அந்தக் கொட்டகையில் மண் தூசி படியாத பொருளே கிடையாது. காலண்டரில் சாமி முகம்கூட வெளுத்திருந்தது. பெட்டிக்குள் போர்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிப்பின் கால்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு படலம் காய்ந்து ஒட்டியிருந்தது. களிமண்! காற்றில் ஈரம் ஏறும்போது அதன் வழியே துளி மின்சாரம் கசிந்து, அடாப்டர் இன்னும் தெம்பாக இருக்கிறது என்று சிப்பை நம்பவைத்திருக்கிறது. அது சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சிப் மாற்றும்போதெல்லாம் நான் போர்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததால்தான் சில வாரம் ஓடியிருக்கிறது.

தூசி உள்ளே போனால் புரியும். இது தண்ணீரில் கரைந்து வந்த மண்.

“இதுக்குள்ள தண்ணி எப்படிக்கா போச்சு?”

“தண்ணியெல்லாம் போவல சார். தூசி அடையுதேன்னு மூடியத் தொறந்து ஸ்பாஞ்சுல தொடைப்பேன். அவ்வளவுதான்.”

அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் பிசிறைத் துடைக்கிற அதே ஈர ஸ்பாஞ்ச். அதைக் கையில் எடுத்தே காட்டினார். மண் வேலைக்காரர்களுக்கு எதைத் துடைக்கவும் கை முதலில் அதற்குத்தான் போகும்.

“ஆஃப் பண்ணிட்டுத்தானே தொடைப்பீங்க?”

“ஆஃப் பண்ணா மறந்துடுமே சார்.”

சிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மெயின் கரண்ட் வந்து இறங்கும் திருகுகள் திறந்தபடி இருந்தன. தரை சொதசொதவென்று இருந்தது. அவர் காலில் செருப்பு இல்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

“கரண்ட் அடிக்கலையாக்கா உங்கள?” கத்தியே விட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே கணவர் மண் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரெண்டு மூணு தடவ தூக்கிப் போட்டுது சார். இந்தக் கை முழங்கை வரைக்கும் இன்னும் மரத்துத்தான் இருக்குது. அவருகிட்ட சொல்லிடாதீங்க. பொட்டியக் கழட்டிடுவாரு.”