மழை — எண்ணவில்லை

போன ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் நகர் நலச் சங்கக் கூட்டம். ஒன்பது ஐம்பதுக்கே போய், பிரவுன் அட்டை போட்ட நோட்டோடு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் தொடங்கியது பத்து நாற்பதுக்கு. குறித்து வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் நகர். போக்குவரத்துக்கு ஏதாவது செய்து தருவதாகக் கவுன்சிலர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை...

"ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஒம்போது கேட்டீங்கன்னா ஃபைல் நகராது."

ஒன்றே ஒன்று! கல்யாணப் பந்தியில் ஒரே ஒரு அயிட்டம்தான் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்?

மெட்ரோவை நம் தெருமுனை வரை நீட்டச் சொல்லலாம் என்றார் இரண்டாவது தெருக்காரர் ஒருவர். "அப்டியே உன் மொட்டை மாடிக்கு ஒரு லிஃப்ட்டும் கேட்டுரலாமா மாமே?" என்றார் செயலாளர் தனசேகர். மெட்ரோ அதோடு போயிற்று.

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை. இன்னொன்று, நகரின் பின்பக்கம் கால்வாய்க்குக் குறுக்கே இருக்கும் தரைப்பாலத்தை உயர்த்திக் கட்டுவது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நான்கு தெருக்கள். உயர்த்தினால் மினி பஸ்கூட உள்ளே போகும்.

எது முதலில்? குரல் பெரிதாக இருப்பவர் சொல்வதா முடிவு? முறையாக ஆராய்ந்து மார்க் போட வேண்டும் என்று போன மாதக் கூட்டத்தில் சொன்னவன் நான். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு — யோசனை சொன்னவர் தலையில்தான் வேலையும்.

ஐப்பசி முழுக்கக் காலை வாக்கிங்கில் எண்ணினேன். காலை ஆறரையிலிருந்து ஏழு வரை தரைப்பாலம். ஏழிலிருந்து ஏழரை வரை பஸ் ஸ்டாப். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், என்ன அவதி... எல்லாம் உண்டு. கூட்டிப் பார்த்தால் முடிவு பளிச்சென்று இருந்தது. நிழற்குடை — நூற்றுக்கு எண்பத்திரண்டு. தரைப்பாலம் — முப்பத்தொன்று. ஸ்டாப்பில் முகத்துக்கு நேரே அடிக்கும் காலை வெயிலில் ஜனங்கள் வாடி நிற்கிறார்கள். பாலத்திலோ அத்தனை பேரும் அலுங்காமல் நடந்து வருகிறார்கள். அவதிப்பட்டவர்கள்: பூஜ்யம்.

"இன்னா அண்ணாத்தே, கவர்மென்ட் ரிப்போர்ட் கணக்கா கீது!" என்று தனசேகர் கையைத் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். தீர்மானம் எழுதப் பேனாவைத் திறந்தாயிற்று.

"சார், அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க."

கடைசி வரிசையிலிருந்து ஷாகிதா. தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை. பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னா சார், காலியா கீது?"

பார்த்தேன். கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மேலே சிவப்பு மசியில், என் அழகான கையெழுத்தில் — 'மழை. எண்ணவில்லை.'

அடுத்த பக்கமும் அதே. மொத்தம் ஒன்பது நாள்.

"மழைம்மா. அன்னிக்கெல்லாம் நான் வெளியே போகல."

"நானுந்தான் சார் போகல."

நோட்டை மூடாமலே என் பக்கம் திருப்பினார்.

"பாலத்து மேல முட்டிக்கால் தண்ணி. ஒரு தபா துணிஞ்சு எறங்குனேன், செருப்பு அடிச்சுகினு போயிடுச்சு. நீங்க போகலன்னா வாக்கிங் தான் சார் போச்சு. நான் போகலன்னா வேலை பூடும். இன்னொரு மழைக்கு லீவு போட்டா வேற ஆளு பாத்துக்கறோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

பாலம் மூழ்கும் நாட்களை எல்லாம் விட்டுவிட்டு, பாலத்தால் ஒரு தொந்தரவும் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறேன்! ரம்ஜான் நோன்பு மாதத்தில் பகலில் கடையில் போய் உட்கார்ந்து, இந்த ஊரில் பிரியாணிக்கு ஆளே இல்லை என்று எழுதுவது மாதிரி.

சாலையோ, பஸ்ஸோ, ரயிலோ — வருகிறவர்களை எண்ணித்தான் திட்டம் போடுகிறோம். வர முடியாதவர்களை எண்ணுவது யார்? அவர்கள் நம் கட்டத்துக்குள் வருவதே இல்லையே... வீட்டில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்.

எண்பத்திரண்டை நானே அடித்தேன். ஸ்கேல் வைத்துத்தான். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொள்ளலாம். முட்டிக்கால் தண்ணீருக்கு எதைப் பிடிப்பது? தரைப்பாலம் என்று தீர்மானம் ஆயிற்று. மெட்ரோக்காரர் மட்டும் கை தூக்கவில்லை.

புதன்கிழமை மதியம், கவுன்சிலர் மனுவை அனுப்பிய அலுவலகத்திலிருந்து இன்ஜினீயர் போன் செய்தார். "மனு வந்துச்சு சார். ஸ்பாட்டைப் பார்த்தாத்தான் மதிப்பீடு போட முடியும். எப்ப வரட்டும்?"

"நல்லா மழை பெய்யிற அன்னிக்கு வாங்க சார்" என்றேன்.

"மழையிலயா?" என்று சிரித்தார். "மழை பெஞ்சா அந்தப் பாலத்துக்கிட்ட எப்படி சார் வர முடியும்?"

சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கிய ஷாகிதாவிடம் இதை வார்த்தை மாறாமல் சொன்னேன். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கருத்துக்கொண்டிருந்தது.

"அவரு சொன்னதையே உங்க நோட்டுல எழுதிக் குடுங்க சார்... நூத்துக்கு நூறு மார்க்கு!"